கோடு போட்ட பக்கங்கள்

மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்தின் மாடி அறையில் பதினைந்து பேர் கூடுவார்கள். சில மாதம் இருபது பேர் வருவதுண்டு. மழை பிடித்துக்கொண்டால் ஆறு பேர்தான். விதி ஒன்றே ஒன்று. ஒவ்வொருவரும் எழுந்து நின்று, இப்போது என்ன படிக்கிறேன், அடுத்து என்ன படிக்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். நூலகர் அம்மா அதைப் பலகையில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே வருவார். கதை, கவிதை, தத்துவம் எதுவானாலும் சரி. பரீட்சைக்குப் படிக்கிற புத்தகம் மட்டும் கணக்கில் சேராது.

அந்த வட்டத்தில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவனுக்கு 'புரொபசர்' என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயரல்ல, மரியாதையாகவே வைத்தது. எல்லோரும் பேசி முடித்த பிறகு கடைசியாக அவன் எழுந்திருப்பான். கையில் எப்போதும் தலையணை கனத்தில் ஒரு தத்துவ நூல் இருக்கும். பெரிய பெரிய விஷயங்களைக் கரண்டு, கயிறு, பாரம் என்று தன் தொழில் பாஷையில் அவன் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சட்டென்று விளங்கும். "காலேஜ்ல படிச்சவங்க சொன்னா கொட்டாவி வருது. இவர் சொன்னா மண்டைல ஏறுது" என்பார் ஓய்வு பெற்ற தபால்காரர்.

உண்மை என்னவென்றால், இரண்டு வருடமாக அவன் ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படிக்கவில்லை.

ஒரு காலத்தில் படித்தவன்தான். மொட்டைமாடி மோட்டார் அறையில், மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில், கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டுப் பக்கம் புரட்டியவன். பிறகு நாற்பதைத் தாண்டியதும் கண் மங்கியது, வேலை இரண்டு மடங்கானது, மிச்ச நேரத்தைப் போன் தின்றது. ஒரு மாதம் புத்தகம் பாதியிலேயே நின்றுவிட்டது. கூட்டத்துக்குப் போகாமல் இருக்க மனசு வரவில்லை. பின்னட்டையையும் முன்னுரையில் நாலு பக்கத்தையும் பார்த்துக்கொண்டு போய், மீதியை வாய்க்கு வந்தபடி சொன்னான். அன்றைக்குத்தான் வழக்கத்தைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். படித்துவிட்டுப் பேசியதைவிடப் படிக்காமல் பேசியது எடுபட்டுவிட்டது. ருசி கண்ட பூனை உறியை விடுமா? அடுத்த மாதமும் நுனிப்புல் மேய்ந்தான், அதற்கடுத்த மாதமும் மேய்ந்தான். கடைசியில் அந்த நுனிப்புல்லும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

வீட்டில் அவன் மனைவிக்கு இது தெரியும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் உட்காருகிறவள். வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே வெறும் வயிற்றோடு வந்தவர் யார், வழியில் டீ குடித்துவிட்டு வந்தவர் யார் என்று சொல்லிவிடுவாள். அலமாரியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நிற்கும் புத்தகங்களைத் துடைக்கும்போது, "நான்தான் இதையெல்லாம் அதிகமாத் தொட்டிருக்கேன். என்னையும் உங்க கூட்டத்துல சேத்துக்கங்க" என்பாள். அவன் சிரித்து மழுப்பிவிடுவான்.

அந்த வட்டத்தில் ஒரு வருடத்துக்கு முன்பு சேர்ந்தவள் சீட்டு அக்கா. பஸ் டிப்போவில் கிழிந்துபோன சீட்டுகளுக்கு உறை தைப்பது அவள் வேலை. முதல் நாள் "நான் சீட்டு வேல பாக்குறேன்" என்று அவள் சொன்னதைக் கேட்ட பாதிப் பேர், ஏலச்சீட்டு நடத்துகிறவள் என்று நினைத்துப் பையைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார்களாம். பிறகு அவளே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். மெல்லிய கதைப் புத்தகமாக எடுத்து, எழுத்துக்கூட்டாத குறையாக, ஆனால் ஒரு வரி விடாமல் படிப்பாள். கூட்டத்தில் அவன் பேசும்போது மட்டும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். நாலைந்து வயது மூத்தவளாக இருந்தும் அவனை அவள் 'சார்' என்றுதான் கூப்பிடுவாள்.

விஷயம் ஆரம்பித்தது ஒரு சனிக்கிழமை. அன்று அவன் கையில் இருந்தது மரணத்தைப் பற்றிய ஐந்நூற்றிருபது பக்கத் தத்துவ நூல். அட்டை அழகாக இருந்ததால் வாங்கியது. உறை பிரிக்காத புத்தகத்தைத் துணிப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசினான். கனமான விஷயமாயிற்றே, வெறுமனே பின்னட்டையைச் சொன்னால் நன்றாக இருக்காது என்று தோன்றி, சொந்தமாக ஒன்றை எடுத்துவிட்டான்.

"ஒரு எடத்துல சொல்றார். செத்துப் போனவங்ககிட்ட கேக்க முடியாத மன்னிப்ப உயிரோட இருக்கறவங்ககிட்ட கேக்கலாம். அதுவும் போய்ச் சேரும். லிஃப்ட்ல மோட்டார் ஒரு எடத்துல இருக்கு, பெட்டி வேற எடத்துல இருக்கு, ஆனா கயிறு ஒண்ணுதானே?"

தபால்காரர் "அடடா" என்றார். சீட்டு அக்கா நோட்டில் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பின்னாலேயே வந்தாள்.

"சார், அந்தப் புத்தகத்த எனக்கு ஒரு தடவ தருவீங்களா? பத்திரமாத் திருப்பித் தந்துடுவேன்."

"அது கொஞ்சம் கஷ்டமான புத்தகம்க்கா."

"தெரியும் சார். என் தம்பி எட்டு மாசத்துக்கு முன்னாடி போயிட்டான். பதினோரு வருஷமா எங்களுக்குள்ள பேச்சில்ல. அம்மா வீட்டப் பிரிக்கறதுல வந்த சண்ட. தப்பு என்மேலதான். நான் போய்ப் பேசறதுக்குள்ள அவன் முந்திக்கிட்டான்." அவள் குரல் தழுதழுக்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். "அந்த வரிய நீங்க சொன்னதும், முன்ன பின்ன என்ன எழுதியிருக்கார்னு பாக்கணும்போல இருக்கு."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்: 'அது புத்தகத்துல இல்லக்கா, நானா சொன்னது.' அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அவள் கண்ணில் இருந்த மதிப்பைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. "திங்கட்கிழம டிப்போல குடுத்துட்டுப் போறேன்" என்றான்.

ஞாயிறு காலையில் அவன் செய்த காரியம்தான் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவன் காது மடலைச் சுட வைத்தது. உறையைக் கிழித்தான். புதுப்புத்தக வாசனை குப்பென்று வந்தது. அதை அப்படியே கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அட்டையை இருபுறமும் மடக்கி முதுகை முறித்தான். அங்கங்கே பக்க ஓரத்தை மடித்தான். டீ டம்ளரின் அடி ஈரத்தை ஒரு பக்கத்தில் ஒற்றி எடுத்தான். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் கோடு போட்டான். சில இடத்தில் ஓரமாக ஒரு கேள்விக்குறி. இரண்டு இடத்தில் 'முக்கியம்'. முக்கால் மணி நேரம் ஆனது. படித்திருந்தால் அந்த நேரத்தில் இருபது பக்கம் படித்திருக்கலாம்.

துணி உலர்த்தப் போன மனைவி வாசலில் நின்று பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்னவென்று கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அடுத்த மாதக் கூட்டத்தில் சீட்டு அக்கா எழுந்து, "இப்போ புரொபசர் சார் குடுத்த புத்தகம். அடுத்தது, அதே புத்தகம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "முதல் தடவ படிக்கும்போது பாதி புரியல. அதான் மறுபடியும். சார் கோடு போட்ட எடத்துல எல்லாம் நின்னு நின்னு படிக்கிறேன்."

"குருவுக்கேத்த சிஷ்யை" என்றார் தபால்காரர். அவனுக்குத் தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் நன்றாயிருக்கும் போலிருந்தது. அன்று தன் முறை வந்தபோது தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

அதற்கடுத்த கூட்டத்தன்று, மேலே ஏறுவதற்கு முன்பே அவள் படியில் அவனை மறித்துவிட்டாள். கையில் நோட்டு. பக்கத்துக்கு ஒரு வரியாக, குண்டு குண்டான எழுத்தில் நாற்பத்தொரு வரிகள். அவன் கோடு போட்ட நாற்பத்தொரு இடங்கள்.

"சார், ஒரு சந்தேகம். நூத்தி எண்பத்திரெண்டாம் பக்கத்துல கோடு போட்டு முக்கியம்னு எழுதியிருக்கீங்க. ஆனா அடுத்த பக்கத்துலயே, இப்படி நெனைக்கறது பெரிய தப்புன்னு எழுதினவரே சொல்றார். அப்போ அதுல நீங்க என்ன பாத்தீங்க?"

"அது... தப்பான பக்கத்தயும் தெரிஞ்சுக்கணும் இல்லயாக்கா."

"அதானே பாத்தேன். எனக்கு அது தோணல." அவள் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். "இன்னொண்ணு. நீங்க சொன்னீங்களே, செத்துப் போனவங்ககிட்ட கேக்க முடியாத மன்னிப்பு, அந்த வரி. ரெண்டு தடவ முழுசாப் படிச்சிட்டேன் சார், என் கண்ணுல படல. எந்தப் பக்கம்னு சொல்லுங்களேன். தம்பி பொண்டாட்டி அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம வீட்டக் காலி பண்ணிக்கிட்டுப் புள்ளைங்களோட வேற ஊருக்குப் போறா. அதுக்கு முன்னாடி போய்ப் பாக்கணும். எனக்குக் கோர்வையாப் பேச வராது. அந்தப் பக்கத்தப் படிச்சுக் காட்டிட்டு, இதான் நான் சொல்ல வந்ததுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

அவன் நோட்டை வாங்கிப் புரட்டுவதுபோலப் பாவனை செய்தான்.

"அது... பழைய பதிப்புல இருந்தது போல. நான் முன்ன படிச்சது அது. புதுசுல எடுத்துட்டாங்களோ என்னவோ."

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள். இது எத்தனையாவது என்று அவனுக்கே தெரியவில்லை. அவளோ முகம் மலர்ந்துபோனாள். "அப்படியா! நான் மக்கு, கண்ணு முன்னால இருந்தும் தெரியலயோன்னு நெனச்சேன். நூலகர் அம்மாகிட்ட பழைய பதிப்பத் தேடச் சொல்றேன் சார்."

செவ்வாய்க்கிழமை நூலகர் அம்மா போன் செய்தார். "அந்தப் புத்தகத்துக்குப் பழைய பதிப்பு இருக்காமே? சீட்டு அக்கா ரெண்டு நாளா வேல முடிஞ்சதும் நேரா இங்கதான் வர்றாங்க. எல்லா நூலகத்துக்கும் கேட்டுப் பாத்துட்டேன், அப்படி ஒண்ணு வந்த மாதிரியே தெரியல. நீங்க எங்க படிச்சீங்க?"

"பாத்துச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தலை சீவிக்கொண்டிருந்த சீப்பை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கோடு போட்டதயுமா படிச்சு எழுதி வச்சிருக்கு அந்தம்மா?"

"நாப்பத்தொண்ணு."

"நீங்க படிக்காம இருக்கறத நான் வேடிக்கைன்னு நெனச்சேன்" என்றாள் அவள். "இது வேடிக்கை இல்ல. போய்ச் சொல்லிடுங்க. போன்ல வேணாம். நேர்ல போய், அவங்க என்ன சொன்னாலும் வாங்கிக்கிட்டு வாங்க."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிப்போவுக்குப் போனான். பின்பக்கம் தகரக் கொட்டகை. பஞ்சு பிதுங்கிய சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ரெக்சின் வாடையும் டீசல் புகையும். சீட்டு அக்கா பெரிய தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பச்சை ரெக்சினை ஓரம் மடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து, பக்கத்தில் இருந்த சீட்டைத் துணியால் துடைத்தாள்.

"வாங்க சார், உக்காருங்க. கெடச்சுதா?"

அவன் உட்காரவில்லை.

"அக்கா, பழைய பதிப்புன்னு ஒண்ணு இல்ல."

"இல்லயா?"

"அந்த வரி எந்தப் பதிப்புலயும் இல்ல. நானா சொன்னது. அந்தப் புத்தகத்த நான் படிக்கவே இல்ல. ஒரு பக்கம்கூட. உங்களுக்குத் தர்றதுக்காகத்தான் உறையவே பிரிச்சேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். "ஆனா கோடு போட்டிருந்துச்சே சார்."

"ஞாயித்துக்கிழம ஒக்காந்து சும்மா போட்டது. படிச்ச மாதிரி இருக்கணும்னு."

மெஷினின் மிதியிலிருந்து அவள் காலை எடுத்தாள். கொட்டகைக்கு வெளியே ஒரு பஸ் பின்னோக்கி வந்தது. யாரோ "வா, வா, வா" என்று தட்டிக்கொண்டே கத்தினார்கள். பஸ் நின்றதும் அவள் கேட்டாள்.

"டீக்கறைகூடவா?"

அவன் தலையசைத்தான். வேறு எதைக் கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பான். அவள் துடைத்து வைத்த சீட்டின் நுனியில் உட்கார்ந்தான்.

"ஒன்பது வாரம்" என்றாள் அவள். "காலைல பஸ்ஸுல, மதியம் இங்க, சாயந்தரம் அடுப்படில. ஒவ்வொரு வரியயும் வாய்விட்டுப் படிச்சேன். கோடு போட்ட எடம் வந்தா, சார் இங்க நின்னு யோசிச்சிருக்கார், நாமளும் யோசிப்போம்னு கண்ண மூடிக்கிட்டு ஒக்காருவேன். ஒண்ணும் வராது. எட்டாங்கிளாஸ் புத்திக்கு இவ்வளவுதான்னு ஒரு நாள் இந்த மெஷின்மேல தலய வச்சு அழுதேன். பக்கத்துல வேல செய்யறவ தலவலியான்னு கேட்டு மாத்திர குடுத்தா. அதயும் போட்டுக்கிட்டேன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"இரு தம்பி. நான் இன்னும் முடிக்கல."

ஒரு வருடத்தில் முதல் தடவையாக அவள் அவனைத் தம்பி என்றாள். 'சார்' எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பொய் சொன்னே, சரி. ஊர்ல எல்லாரும்தான் சொல்றாங்க. ஆனா நீ என்னோட தெரியாத்தனத்து மேல ஏறி நின்னே. நான் மக்குன்னு நானே நம்பறத நீ பாத்துக்கிட்டு நின்னே. அந்தப் படியில நான் சந்தேகம் கேட்டப்போ, தப்பான பக்கத்தயும் தெரிஞ்சுக்கணும்னு சொன்னே பாரு. அத நான் எழுதி வேற வச்சேன்."

அவள் எழுந்து போய்ச் சுவரோரத்து இரும்பு அலமாரியைத் திறந்தாள். புத்தகத்துக்குச் சீட்டு ரெக்சினிலேயே ஓர் உறை தைத்துப் போட்டிருந்தாள். அதைக் கழற்றாமல் அப்படியே அவன் மடியில் வைத்தாள். பிறகு மெஷினுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். அவன் எழுந்து வெளியே வந்தான். டிப்போ வாசல் வரைக்கும் அந்த மெஷின் சத்தம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகாமல் இருக்க நூறு காரணம் தேடினான். போனான். அவன் முறை வந்ததும், "இப்போ ஒண்ணும் படிக்கல. ரெண்டு வருஷமாவே படிக்கல" என்று ஆரம்பித்து, கோடு போட்டதுவரை சொல்லி முடித்தான். அவள் பேரை மட்டும் சொல்லவில்லை; சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. நூலகர் அம்மா சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி நின்றார்.

முதலில் சிரித்தவர் தபால்காரர்தான். "அட விடுங்க புரொபசர். நான் மட்டும் என்ன, பாதிக்கு மேல கடைசி பக்கத்துக்குத் தாவிடுவேன்." இன்னொருவர் தானும் ஒரு நாவலைப் படித்ததாகப் பொய் சொன்னதை ஒத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் அது ஒரு வேடிக்கைக் கச்சேரியாகிவிட்டது. அவர்கள் மன்னித்ததில் அவனுக்கு ஆறுதல் இல்லை, கூச்சம்தான் கூடியது. யாருடைய ஒன்பது வாரம் போயிற்றோ அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. "இத சிரிச்சுக்கிட்டு விட வேணாம்" என்று சொல்ல நினைத்தான். அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது.

அந்த ரெக்சின் உறைக்குள் இருந்த புத்தகத்தை அவன் படிக்க ஆரம்பித்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, மோட்டார் அறையில், போனைக் கீழே வண்டியிலேயே வைத்துவிட்டு. முதல் வாரம் ஒன்பது பக்கம். தான் கோடு போட்ட இடம் வரும்போதெல்லாம் நிற்க வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் வெறும் நன்றியுரைக்குக் கோடு போட்டிருந்தான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவளுடைய விரல் ரேகை மங்கலாக எண்ணெய்க் கறையாகப் படிந்திருந்தது. அவள் அங்கேயும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். ரப்பர் கொண்டு அழிக்கலாமா என்று யோசித்தான். அழித்தால் தனக்குத்தான் சௌகரியம் என்று விட்டுவிட்டான். புத்தகம் கடினமாகத்தான் இருந்தது. அவளுக்குப் புரிந்ததில் பாதிகூட அவனுக்குப் புரிகிறதா என்று சந்தேகமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து சீட்டு அக்கா கூட்டத்துக்கு வந்தாள். யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் முன் வரிசையில் உட்கார்ந்தாள். அவள் முறை வந்ததும், கடலோடி ஒருவனைப் பற்றிய நாவல் படிப்பதாகவும், அடுத்து நேர்மையைப் பற்றி ஒரு சின்னத் தத்துவப் புத்தகம் எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். சிலர் திரும்பி அவனைப் பார்த்தார்கள். "அது கையில கெடச்சுது, எடுத்தேன். யாரும் உள்குத்துன்னு நெனைக்க வேணாம்" என்றாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கூட்டம் கலைந்த பிறகு படிக்கட்டருகே நின்று குடையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனான்.

"அந்த ஞாயித்துக்கிழம போனீங்களாக்கா?"

"போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"கையில ஒண்ணும் இல்லாமப் போனேன். வாசல்ல நின்னு, தப்பு என்னோடதுன்னேன். அதுக்கு மேல வரல. அவ ஒரு நிமிஷம் பாத்தா. உள்ள வந்து பாத்திரத்தயெல்லாம் பேப்பர்ல சுத்துங்கன்னா. மூணு மணி நேரம் சுத்தினேன். அப்புறம் பெட்டிக்குக் கயிறு கட்டச் சொன்னா. கட்டினேன்."

"மன்னிச்சுட்டாங்களா?"

"தெரியல. கேக்கல. போய்ச் சேந்ததும் போன் பண்ணினா, கண்ணாடி டம்ளர் ஒண்ணுகூட உடையலன்னு."

மழை வலுத்தது. இருவரும் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கி நின்றார்கள்.

"நான் அந்தப் புத்தகத்தப் படிக்கிறேன்க்கா. நூத்திப் பத்தாவது பக்கத்துல இருக்கேன்."

"படி" என்றாள். படியில் இறங்கப் போனவள் நின்று திரும்பினாள். "உன் மேல கோவம் இன்னும் போகல தம்பி. போனா நானே சொல்றேன். நீயா வந்து கேட்டுக்கிட்டு நிக்காத."

"சரிக்கா" என்றான் அவன்.